கிழக்குக் கொடிக்காரரின் நொடிகள்

மதியம் பன்னிரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மேசை மேல் இருந்த வயர்லெஸ் பெட்டியின் பச்சை விளக்கு. யாராவது பேசினால் அது எரியும், பேச்சு நின்றால் அணையும். அன்று அது அணையவில்லை. ஒரு மணிக்கு வெடி. எட்டு நிமிடம் இருந்தது.

அரியலூரை ஒட்டிய ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வயர்லெஸ் அறை அது. அலுவலகக் கட்டடத்தின் மாடியில், உயரமான கம்பத்துக்குக் கீழே இருந்தது. அங்கே என் வேலை கேட்பதும் எழுதுவதும். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் பெரம்பலூரில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராக இருந்தேன். மாவட்டப் பக்கம் நின்றுபோனது. வீடு பெரம்பலூரிலேயே இருந்ததால் தினமும் காலையில் அரியலூர் பஸ் பிடித்து வந்தேன். மணி பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்ற பழக்கம் மட்டும் பத்திரிகையிலிருந்து கூடவே வந்திருந்தது.

குழிக்குள் செல்போனுக்குத் தடை. பதினேழு பேரிடம் வாக்கி-டாக்கி இருந்தது, நாங்கள் வாக்கி என்போம்: டிப்பர் ஓட்டுநர்கள், கல் அள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவர்கள், தண்ணீர் வண்டிக்காரர், மேற்பார்வையாளர்கள், வெடிக்காரர், நான்கு கொடிக்காரர்கள். பதினேழு பேருக்கும் சேர்த்து அலைவரிசை ஒன்றுதான். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இருவர் குரலும் சேர்ந்து கரகரப்பாகும்.

வெடிக்கு முன் நான்கு திசையிலும் வண்டிப்பாதைகளில் சிவப்புக் கொடியோடு நான்கு பேர் நிற்பார்கள். ஆள், ஆடு, சைக்கிள் எதுவும் உள்ளே வராமல் தடுத்துவிட்டு, "கிளியர்" என்று வாக்கியில் சொல்வார்கள். வெடிக்காரர் குழியின் ஓரத்தில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் இருப்பார். நான்கு கிளியரையும் அவர் தன் காதால் கேட்க வேண்டும். நடுவில் யாரும் வாங்கிச் சொல்லக் கூடாது, நானும்கூட. அது கண்டிப்பான விதி. நான்கும் வந்த பிறகுதான் வெடி.

பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றேகால் வரை எல்லாரும் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தும் நேரமும்கூட. அன்று பெட்டியில் கேட்டது இது:

"அண்ணே, சாப்டாச்சா?"

"இன்னும் இல்லப்பா. நீ?"

"வண்டிய ஓரங்கட்டிட்டேன். கருவாட்டுக் கொழம்பு."

"வாசன இங்க வரைக்கும் வருது. ஒரு வாய் வையி."

"ஆறாம் நம்பர் வண்டிக்கு வாங்க, தரேன்."

"சரி, வச்சிடவா?"

"வைங்கண்ணே."

"நீ வையி மொதல்ல."

"இல்லல்ல, நீங்க வைங்க."

கடைசி நான்கு வரிக்கு ஒன்பது நொடி. செல்போனில் விடைபெறுவதுபோலவே வாக்கியிலும் விடைபெற்றார்கள். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டை விசாரிக்காமல் பேச்சைத் தொடங்கினால் ஆள் கோபமாக இருக்கிறார் என்று பொருள். சொல்லாமல் முடித்தாலும் அப்படித்தான்.

இவர்களுக்கு நடுவே கிழக்கிலிருந்து ஒரு குரல் புகுந்தது. என் அறையில் அது மிகத் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, வணக்கங்கண்ணே, கெழக்கு பேசறேன். சாப்டிங்களா? ஒரு ஆட்டுக்காரம்மா போனாங்க, தாண்டிட்டாங்க. ஸ்கூல் வேன் போயிருச்சு. வேற ஆரும் இல்ல. கெழக்கு கிளியருங்கண்ணே. இன்னும் முப்பத்தெட்டு நாளுதாண்ணே."

"கெழக்கு?" என்றார் வெடிக்காரர். "என்னப்பா கெழக்கு?"

கிழக்குக்காரர் வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். ஆட்டுக்காரம்மா மறுபடி தாண்டினார். வேன் மறுபடி போனது.

"கெழக்கு ரேடியோ ஆரம்பிச்சிருச்சுடா," என்றார் ஒரு டிப்பர்காரர். "அண்ணே, அப்படியே வானிலையும் சொல்லிடுங்க!"

"வெடிக்காரருக்குக் காது போச்சுய்யா. முப்பது வருசமா வெடி கேட்ட காது."

"காதெல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. நீங்க வாய மூடுங்க மொதல்ல!"

அன்று வெடி ஒன்று முப்பத்துநான்குக்குத்தான் போனது. துளைகளில் மருந்து நிரப்பிய பிறகு அதை அப்படியே விட்டுவைக்க முடியாது. முப்பத்துநான்கு நிமிடமும் குழி முழுக்க நின்றது.

அந்த முப்பத்தெட்டு நாள் என்பது சுரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. கிழக்குக் கொடிக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். இதற்கு முன் அடுத்தவர் தோப்புகளில் முந்திரி பொறுக்கப் போனவர். அவர் குடும்பத்தில் மாதச் சம்பள வேலைக்கு வந்த முதல் ஆள். வாரவிடுமுறை தவிர ஓராண்டு ஒரு நாளும் விடாமல் வருபவர்களை நிரந்தரப் பட்டியலுக்கு அனுப்புவதாக ஒப்பந்ததாரரின் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு நாளும் விடவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சலோடும் வந்தார். மீதியிருந்த நாட்களைத் தினமும் வாக்கியில் சொல்லிக் குறைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை சுரங்க மேலாளர் மாடிக்கு வந்தார்.

"ஆரு எவ்ளோ நேரம் பேசறாங்கன்னு எனக்கு நொடிக் கணக்குல வேணும். பத்து நாளைக்கு எழுதுங்க. எவன் மொதல்ல வரானோ அவன்கிட்ட இருந்து வாக்கியப் புடுங்கிட்டு வூட்டுக்கு அனுப்பிடலாம்."

"என்ன பேசறாங்கன்னும் எழுதணுமா சார்?"

"கொழம்புக் கத எனக்கெதுக்கு? நொடி மட்டும் போதும். நீங்க பேப்பர்காரரு, கரெக்டா எழுதுவீங்க."

எழுதினேன். கையில் ஒரு நிறுத்துக்கடிகாரம், முன்னால் கட்டம் போட்ட தாள். பச்சை விளக்கு எரிந்ததும் அழுத்தினேன், அணைந்ததும் அழுத்தினேன். குரலை வைத்து ஆள் யாரென்று தெரியும். பத்து நாளும் முதலிடத்தில் வந்தது கிழக்குக் கொடி. பத்தாம் நாள் அவர் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு நொடி. கருவாட்டுக் குழம்புக்காரர் தொண்ணூறைத் தாண்டவில்லை. மற்ற மூன்று கொடிகளும் ஆளுக்குப் பத்து நொடிக்குள்.

தாளைப் பார்த்து மேலாளர் கொஞ்சம் வியந்தார். "கெழக்குக்காரனா? அவன் பாட்டுக்கு நிப்பான்னுல்ல நெனச்சேன்."

"வெடிக்காரர் திரும்பத் திரும்பக் கேக்கறாரு சார். அதனால இவரும் திரும்பச் சொல்றாரு."

"மத்த மூணு பேரும் ஒரு தடவதான சொல்றானுங்க?"

அவர் சொன்னது உண்மை. என் தாளிலும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் காலை கிழக்குக்காரரிடமிருந்து வாக்கியை வாங்கிக்கொண்டார்கள். கொடியை என் அறையில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். படியேறி வந்தார். கொடியைக் கம்போடு சுருட்டி நாடாவால் கட்டியிருந்தார்.

"சார், நீங்கதான் எழுதுனீங்களாமே."

"ஆமா."

"நான் சொன்னத எழுதுனீங்களா, நேரத்த மட்டும் எழுதுனீங்களா?"

"நேரத்தத்தான் கேட்டாங்க."

"அப்ப சரி." மேசையில் கொடியை வைத்தார். "இன்னும் இருவத்தாறு நாளுதான் இருந்துச்சு சார். அதுக்குள்ள எழுதிட்டாங்க." யார் எழுதினார்கள் என்று அவர் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், குடித்தார், இறங்கிப் போனார்.

கிழக்குக்கு வடக்கு வாசலிலிருந்து ஒருவரை மாற்றினார்கள். பேசாத ஆள் என்று பெயர் எடுத்தவர். டீக்கடையில்கூட விரலைக் காட்டித்தான் டீ கேட்பார். முதல் நாள் மதியம் அவர் "கெழக்கு கிளியர்" என்றார். இரண்டே சொல்.

"கெழக்கு?" என்றார் வெடிக்காரர்.

"கெழக்கு கிளியர்."

"என்னப்பா கெழக்கு?"

"கிளியர்! கிளியர்ங்கறேன்ல!"

மூன்றாம் நாள் அவர் வாயிலிருந்து எழுத முடியாத சொற்கள் வந்தன. "ஊமையும் பேசிட்டாருடா," என்று டிப்பர்காரர்கள் கொண்டாடினார்கள். நொடிக் கணக்கு போடும்படி இப்போது யாரும் கேட்கவில்லை. இருந்தும் போட்டேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு, இருநூற்றைந்து, நூற்றுத் தொண்ணூற்றாறு. நான்காம் நாள் அந்தத் தாளை மேலாளரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அங்க போயி நின்னாலே வாய் நீளுதா என்ன?"

திருச்சியிலிருந்து வாக்கி விற்ற கடையின் பொறியாளரை வரவழைக்கச் சொன்னார். அவர் வந்து சேர மேலும் பதினோரு நாள் ஆயிற்று.

வந்தவர் முப்பது வயதுப் பெண். தோளில் ஒரு கறுப்புப் பை, அதில் டிபன் டப்பா அளவில் அலையின் பலத்தைக் காட்டும் கருவி. முதலில் என் தாள்களைத்தான் கேட்டார். நின்றுகொண்டே படித்தார்.

"நேரம் ரொம்ப கரெக்டா இருக்கு சார். என்ன பேசுனாங்கன்னு எங்க?"

"அது எழுதல."

"ஒரே விஷயத்தத் திரும்பச் சொன்னதையும், புதுசா சொன்னதையும் எப்படிப் பிரிச்சீங்க?"

"பிரிக்கல. வெடிக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனாலதான் இவ்ளோன்னு எல்லாரும் நெனச்சோம்."

"வடக்கு சொல்றது அவருக்கு எத்தன தடவையில கேக்குது?"

"ஒரே தடவ."

"மேற்கு?"

"அதுவும் ஒரே தடவ."

"மந்தமான காது திசை பார்த்துக் கேக்குமா சார்?"

பதினோரு ஆண்டுகள் செய்தி எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மேலாளர் கிழக்குக்காரர்மேல் குற்றம் சொல்ல எடுத்த அதே வரியைத்தான் அவர் வேறு பக்கத்திலிருந்து படித்தார்.

மதியம் அவர் வெடிக்காரரின் இரும்புக் கூண்டுக்குப் போனார். என்னைக் கிழக்குக் கொடி நிற்கும் இடத்துக்கு அனுப்பினார். அது வரை நான் அங்கே போனதில்லை. வண்டிப்பாதை ஓர் ஓடைக்குள் இறங்கி ஏறுகிறது. இறங்கும் இடத்தில் ஒரு வேலமரம். அதன் நிழலில்தான் கொடிக்காரர் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரை. எனக்கும் குழிக்கும் நடுவே தோண்டிப்போட்ட மண் மேடு. கல்குவியல் ஒன்று வெள்ளையாக நின்றது. திரும்பிப் பார்த்தால் அலுவலகத்துக் கம்பத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

வாக்கியில் பேசினேன். பதில் இல்லை. மறுபடி பேசினேன்.

"கெழக்கு, ஏதோ சத்தம் வருது, என்னன்னு புரியல," என்றார் பொறியாளர், வெடிக்காரரின் வாக்கியில். அவர் பேசியது எனக்குக் கேட்டது. நான் பேசியதுதான் அவருக்குப் போகவில்லை.

நான்கு முறை சொன்னேன். ஐந்தாவதில் என்னை அறியாமல் கத்தினேன். பிறகு கரையில் முப்பது அடி தூரம் ஏறி நின்று சாதாரணமாகச் சொன்னேன்.

"ம், இப்ப நல்லா கேக்குது சார்."

திரும்பி வந்ததும் வெடிக்காரரிடம் விசாரித்தோம். பொங்கலுக்குப் பிறகு குழி ஒரு படி ஆழம் போயிருந்தது. கூண்டை அப்போதுதான் மேற்கு ஓரத்துக்கு, கல்குவியலுக்குப் பின்னால் நகர்த்தினார்கள். "அதுக்கு முன்னாடி கெழக்கு எனக்குக் கணீர்னு கேக்கும்," என்றார் அவர். "நான் சொன்னா ஆரு கேக்கறா? காது போச்சு காது போச்சுன்னு என் வூட்டுக்காரிகிட்டயே சொல்லிட்டானுங்க. அவ காது டாக்டர்கிட்ட டோக்கனே போட்டுட்டா."

பொறியாளர் பதினேழு வாக்கிகளையும் வாங்கி மேசையில் அடுக்கிப் பார்த்தார். வெடிக்காரருடையது தவிர எல்லாவற்றிலும் பேசும் பவர் குறைந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது. பேட்டரி நீடிக்கட்டும், மற்ற எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மேலாளரே முன்பு ஒருமுறை போட்ட உத்தரவு.

நான்கு மணி டீக்கு மேலாளர் இருந்தார், நான் இருந்தேன், ஆறாம் நம்பர் வண்டிக்காரர் டீ கொண்டுவந்த சாக்கில் நின்றார். பொறியாளர் விளக்கினார்.

"நம்ம கையில இருக்கறது மூணுதான் சார். நேரம், அலைவரிசை, பவர். மூணுமே அளவுதான். ஆளுக்கு எவ்ளோன்னு பிரிக்கறதுதான் வேலையே. எல்லாருக்கும் ஒரே அளவு பவர் குடுத்தா கணக்கு சுலபம். ஆனா பள்ளத்துல நிக்கறவரு அதே பவர்ல பேசுனா அஞ்சு தடவ சொல்லணும். அந்த அஞ்சு தடவையும் மத்த பதினாறு பேரு காத்துக்கிட்டு நிக்கணும். அவருக்குக் கொஞ்சம் கூடக் குடுங்க, எல்லாருக்கும் நேரம் மிச்சம்."

"வாய்க்கால்ல கடமடைக்கு மொதல்ல தண்ணி விடற மாதிரியா மேடம்?" என்றார் வண்டிக்காரர்.

"அதேதான்."

"எங்க ஊர்ல ஆரும் விட்டதில்ல. கேக்க நல்லா இருக்கு."

"அப்ப மத்தவங்களுக்கும் கூட்டிட்டா என்ன?" என்றார் மேலாளர். "ஏன் ஒருத்தனுக்கு மட்டும்?"

"எல்லாரும் கத்துனா பக்கத்துச் சுரங்கத்துக்குப் போயி விழும் சார். அவங்களும் இதே அலைவரிசையிலதான் இருக்காங்க போல. காலைல இவங்க கொழம்பு விசாரிச்சப்ப அங்கேருந்து ஒருத்தரு பதில் சொன்னாரு. நான் கேட்டேன்."

"அது அங்கத்து ஆளா?" என்றார் வண்டிக்காரர். "நாலு நாளா நான் சாப்டாச்சான்னு கேட்டா ஆரோ ஒருத்தரு தக்காளிச் சோறுங்கறாரு. நம்ம தண்ணி வண்டிக்காரர்னு நெனச்சேன்."

இரண்டு நாள் தங்கி வேலையை முடித்தார். டிப்பர்களுக்கும் இயந்திரங்களுக்கும் தனி அலைவரிசை. "அதுல அவங்க எவ்ளோ வேணா சாப்டட்டும்," என்றார். வெடிக்கும் கொடிகளுக்கும் இன்னொன்று. வடக்கு, தெற்கு, மேற்குக்குக் குறைந்த பவர், கிழக்குக்கு மட்டும் முழு பவர். பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு முறை வைத்துப் பேச வேண்டும், முதல் முறை கிழக்கு. கொடி நிற்கும் இடம் ஓடைக்கரையில் முப்பது அடி தள்ளி, மேலே. வேலமர நிழல் போய்விட்டது. அதற்கு ஒரு தகரக் கொட்டகை போட எழுதிக் கொடுத்தார்.

கிளம்பும்போது மேலாளர் கேட்டார். "அப்ப அந்த ஆளு மேல தப்பு இல்லங்கறீங்களா?"

"அங்க நீங்க நின்னாலும் இருநூறு நொடி ஆகும் சார்."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தாள்களைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டிமடம் பக்கத்து டிப்பர்காரர் ஒருவர் சொல்லி அனுப்பினார். நீக்கப்பட்ட நாளையும் சேர்த்துப் பத்தொன்பது வேலைநாட்கள் கழிந்து, இருபதாம் நாள் காலையில் கிழக்குக்காரர் வந்தார். என் அறையிலிருந்துதான் கொடியை வாங்கிக்கொண்டார். அது நான் வைத்த இடத்தில், அவர் கட்டிய நாடாவோடு அப்படியே இருந்தது. கை முழுக்க முந்திரிப் பழத்தின் கறை.

"பொறியாளரு அம்மா போயிட்டாங்களா சார்?"

"போயிட்டாங்க."

"பாத்திருக்கலாம்," என்றார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பச்சை விளக்கு எரிந்தது.

"அண்ணே, வணக்கங்கண்ணே, கெழக்கு பேசறேன். சாப்டிங்களா? கெழக்கு கிளியருங்கண்ணே."

"கெழக்கு கிளியர். சாப்டேன்," என்றார் வெடிக்காரர். "வாப்பா."

விளக்கு அணைந்தது. கிழக்கின் கணக்கில் ஏழு நொடி. வடக்கு, தெற்கு, மேற்கு வரிசையாக வந்தன. ஒரு மணிக்கு வெடி போனது. ஜன்னல் கண்ணாடி வழக்கம்போல் ஒருமுறை அதிர்ந்தது.

நாள் கணக்கை அவர் அதன் பிறகு வாக்கியில் சொல்லவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என் இரண்டு தாள்களையும் பொறியாளரின் குறிப்பையும் சேர்த்து ஒரு கடிதம் எழுதி, ஒப்பந்ததாரரின் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் தானாக நிற்கவில்லை, நிறுத்தப்பட்டார் என்று கடிதத்தில் இருந்தது. எழுத்தர் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தி எனக்கொரு நகல் கொடுத்தார். நான் கேட்டதும் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

பத்தொன்பது கட்டங்களிலும் நீல மையில் 'வரவில்லை' என்று எழுதியிருந்தது.